எட்டு போல்ட்டும் ஒரு பித்தளை ஸ்பேனரும்

தமிழ்கூறும் நல்லுலகத்துக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. என் மேலுதட்டின் இடது பக்கத்தில் பதினோராவது முடி முளைத்திருப்பது சென்ற சனிக்கிழமை காலை கண்ணாடி முன்னிலையில் உறுதி செய்யப்பட்டது. வலது பக்கம் இன்னும் ஏழிலேயே நிற்கிறது. பேச்சுவார்த்தை தொடர்கிறது. இந்த வைபவத்தை முன்னிட்டு மாவட்டம் முழுவதும் பள்ளிகளுக்கு விடுமுறை என்று எழுத ஆசைதான். உண்மையில் அது காலாண்டுத் தேர்வு விடுமுறை.

அந்த விடுமுறையில் ஞாயிறும் திங்களும் மாரிச்சாமி மாமாவோடு ஒரு பயணம் போனேன். மாமா என் அம்மாவின் தம்பி, சிவகாசியில் குடியிருக்கிறார். விருதுநகரில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பி, சிவகாசி, எம். புதுப்பட்டி, ஆலங்குளம் போய், வெம்பக்கோட்டை வழியாகத் திரும்பினோம். வண்டி மீட்டர் கணக்கில் நூற்றொன்பது கிலோமீட்டர். இதில் அருவி இல்லை, மலை இல்லை, வண்டியை நிறுத்திப் படம் பிடிக்கும்படி எதுவும் இல்லை. பாதி ஊர்களை வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டுதான் பார்த்தேன். ஃபோர் வீல் டிரைவ் எனப்படும் பழைய நாலு சக்கர இழுவை வண்டி வைத்துக்கொண்டு மழைக்காலத்தில் கரிசல் காட்டுக்குள் போகத் துணிந்தவர்களுக்கு இந்தப் பதிவு உதவும்.

மாமாவின் வண்டி அப்படிப்பட்டது. இரண்டாம் கையாக வாங்கியது. சாதாரண நாளில் பின்சக்கரம் மட்டும் தள்ளும். டேஷ்போர்டில் உள்ள திருகைத் திருப்பினால் அடியில் ஒரு சின்ன மோட்டார் ஓடி, டிரான்ஸ்பர் பாக்ஸ் என்ற பெட்டிக்குள் கியர் பல்லை மாற்றி, முன்சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கும். ஒரு மாதமாக அந்த மோட்டார் மௌன விரதம். திருகைத் திருப்பினால் விளக்கு கண்ணடிக்குமே தவிர வேலை நடக்காது. என் வகுப்பில் இப்படி நாலு பேர் இருக்கிறார்கள்.

சிரிப்பதற்கு ஒன்றுமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாமா முன்பு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தார். நாலு வருடத்துக்கு முன் பக்கத்து அறை வெடித்தது. அதில் இருந்த இரண்டு பேர் வீடு திரும்பவில்லை. மாமா திரும்பினார், வலது கையில் மூன்று விரல் மடங்காது. அதற்குப் பிறகுதான் வண்டி. இப்போது ஆலங்குளம் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் ஆட்களையும் துளை போடும் சாமான்களையும் பள்ளத்துக்குள் இறக்கி ஏற்ற நாலு சக்கர இழுவை வண்டி தேடினார்கள். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வண்டி சரிவில் ஏறிக் காட்ட வேண்டும். ஏறினால் வருடம் முழுக்க வேலை. ஏறாவிட்டால் மாமா செவ்வாய்க்கிழமை மறுபடி மருந்து அறைக்கு. சீசன் உச்சம், பழைய போர்மேன் தினமும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலை ஏழரைக்கு விருதுநகரில் வண்டி உடைக்கும் கடை. பழைய மோட்டார் ஒன்று கிடைத்தது. இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய். கடைக்காரர் இரண்டு வயரை பேட்டரியில் தொட்டுக் காட்டினார். விர்ரென்று சுற்றியது.

"கேரண்டி உண்டா அண்ணாச்சி?" என்றேன்.

"உண்டு. ஓடுனா உங்க சொந்தக்காரங்கள எல்லாம் இங்கன கூட்டிட்டு வா. ஓடலைன்னா நீயும் வராத."

எட்டு மணிக்குக் கிளம்பினோம். சிவகாசி இருபத்தேழு கிலோமீட்டர். வானம் அழுக்குத் துணியைப் பிழியாமல் போட்டதுபோல் கிடந்தது. மாமா பாட்டுப் பெட்டியைப் போடவில்லை. ஒன்பது பத்துக்கு சிவகாசியில் டீ. ஒன்று மூன்று ரூபாய். நான் சும்மா இருந்திருக்கலாம். பிஸ்கட் வாங்கிய பாலிதீன் கவரை ஊதி, மாமாவுக்குப் பின்னால் போய் டப்பென்று உடைத்தேன். பள்ளியில் இதற்குக் கைத்தட்டல் கிடைக்கும். மாமாவின் கையிலிருந்த கிளாஸ் கீழே விழுந்தது. அவர் சட்டென்று குந்தி, தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். டீக்கடையில் யாரும் சிரிக்கவில்லை. கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்த ஊர்ல இந்த விளையாட்டு ஆகாது தம்பி" என்றார். மாமா எழுந்து உடைந்த கிளாஸுக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினார். பத்து நிமிடம் சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணுமில்லடா மாப்ள. கை தானா ஆடுது. நின்னுரும்."

வழக்கமான மெக்கானிக் கடை பூட்டியிருந்தது. ஞாயிறு, அதோடு முகூர்த்த நாள். அதற்குள் போர்மேன் பால்ராஜ் அண்ணாச்சி மறுபடி கூப்பிட்டுவிட்டார். "நேர்லயே போயி ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துருவோம். வர்ற வழியில வேற மெக்கானிக் பாத்துக்கலாம்" என்றார் மாமா. அப்படித்தான் எம். புதுப்பட்டிப் பக்கம் திரும்பினோம். சிவகாசியிலிருந்து பதிமூன்றரை கிலோமீட்டர் தார் ரோடு. பிறகு கம்பெனிக்குப் போக ஒன்றரை கிலோமீட்டர் கரிசல் பாதை. பாதையில் திரும்பியதும் மழை பிடித்தது.

கரிசல் மண் நனைந்தால் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்கு: அல்வா. சக்கரம் சுற்றும், வண்டி நகராது, டயரில் மண் ஏறி ஏறி டயரே இரண்டு மடங்கு பெருக்கும். நாலு சக்கர இழுவை வண்டி எங்கள் வண்டி. ஆனால் இழுஇழுவென்று இழுத்ததே தவிர நாலில் வரவில்லை. நான் இறங்கித் தள்ள, மாமா உருட்ட, ஒன்றரை கிலோமீட்டருக்கு ஐம்பது நிமிடம். பதினொன்றே காலுக்குக் கம்பெனி கேட். கேட்டுக்கு வெளியே முழங்கால் சகதி. கேட்டைத் தாண்டி உள்ளே மட்டும் வண்டி நிறுத்தும் இடத்தில் சரளை போட்டிருந்தார்கள். அங்கே ஏறி நின்றதோடு சரி. இனி மோட்டார் மாற்றாமல் வெளியேற முடியாது.

ஞாயிறு என்பதால் ஆட்கள் இல்லை. பால்ராஜ் அண்ணாச்சி மட்டும் குடையோடு அறை அறையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி மீந்த மருந்தில் பட்டால் அது தானாகவே சூடேறும். அதனால் மழை நாளில் அவருக்கு ஞாயிறு கிடையாது. கேட்டில் எங்கள் செல்போன், தீப்பெட்டி, கூடவே ஸ்பேனர் பையையும் காவலாளி வாங்கி வைத்துவிட்டார்.

"வாங்க மாரிச்சாமி. சாப்பிட்டீகளா? வேன் சீட்டுல உங்க எடம் காலியாத்தான் கெடக்கு."

"நாளைக்குக் குவாரியில வண்டி ஏறிட்டா வரல அண்ணாச்சி. ஏறலன்னா செவ்வாக்கிழம காலைல வேன்ல ஏறிர்றேன்."

"அங்கனயும் வெடிதானய்யா வைக்கான்? அதுக்கு இது என்ன மோசம்?"

"அங்கன சங்கு ஊதிட்டு வெடிப்பாக. எல்லாரும் தள்ளிப் போனப்புறம் வெடிக்கும். இங்கன யாரு சங்கு ஊதுனா?"

அண்ணாச்சி குடையை மடக்கினார். வெடித்த அந்தப் பக்கத்து அறைக்கும் அவர்தான் போர்மேன்.

மோட்டார் மாற்ற வேண்டும் என்றதும் அவர் போட்ட முதல் கட்டளை: கேட்டுக்கு உள்ளே இரும்பு ஸ்பேனர் வராது, சுத்தியல் வரவே வராது. அறுபதடி தள்ளி அறைகள். இரண்டில் காயப்போட்ட சரக்கு இருந்தது.

"வண்டியே இரும்புதான அண்ணாச்சி?" என்றேன்.

"வண்டி வண்டிய அடிக்காதுல்லலே? நீ அடிப்ப. பொறி பறக்கும். அப்புறம் உன்ன எங்கன போயிப் பொறுக்க?"

கம்பெனிக்குள் பயன்படுத்தவென்று வைத்திருக்கும், பொறி பறக்காத பித்தளை ஸ்பேனர் இரண்டும் கொட்டாப்புளி என்ற மரச் சுத்தியலும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவற்றை எடுக்க மாமாவும் நானும் அறைப் பக்கம் போனோம். வாசலில் ஒரு செப்புத் தகடு பதித்திருந்தது. உள்ளே போகுமுன் அதைத் தொட்டு உடம்பிலுள்ள மின்சாரத்தை மண்ணுக்கு இறக்குவது முறை. நாங்கள் உள்ளே போகவேயில்லை. ஆனால் கடந்து போகும்போது மாமாவின் மடங்காத விரல்கள் நீண்டு தகட்டைத் தொட்டன. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

இனி தொழில்நுட்பம். மோட்டார் டிரான்ஸ்பர் பாக்ஸின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கும் வண்டியின் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் முன் அச்சுக்குப் போகும் ஷாப்ட் ஓடுகிறது. பேர்தான் ஷாப்ட், சாப்ட்டாக எதுவும் இல்லை. அதைக் கழற்றாமல் மோட்டார் வெளியே வராது. முன் அச்சுப் பக்கம் நாலு போல்ட், பெட்டிப் பக்கம் நாலு. மாமா சக்கரங்களுக்குக் கல் கொடுத்தார். ஷாப்ட்டிலும் அது பொருந்தும் தட்டிலும் சேர்த்து ஒரு வெள்ளைப் பெயிண்ட் கோடு போட்டார். திரும்பப் பூட்டும்போது கோடும் கோடும் சேர வேண்டும், இல்லாவிட்டால் வண்டி உதறும். பிறகு படுக்க வேண்டியவன் நான். மாமாவின் கையால் ஸ்பேனரை இறுக்கிப் பிடிக்க முடியாது.

துரு. போல்ட்டும் நட்டும் கணவன் மனைவிபோல் ஒட்டிக்கிடந்தன. பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றி அரை மணி நேரம் ஊறவிட்டோம். இரும்பாக இருந்தால் ஒரு தட்டில் போகும். பித்தளையை வேகமாக இழுத்தால் ஸ்பேனரின் வாய் விரிந்துவிடும். கொட்டாப்புளியால் மெதுவாக, டொக், டொக், தயிர் கடைவது மாதிரி. ஒரு போல்ட்டுக்குப் பதினைந்து நிமிடம். மழைத்தண்ணீர் காதுக்குள் போனது. ஆயில் வாய்க்குள் போனது. எட்டாத இடத்தில் இருந்த எட்டையும் எட்டினேன் என்று வரலாறு சொல்லட்டும். பகல் இரண்டேகாலுக்கு ஷாப்ட் என் நெஞ்சின்மேல் இறங்கியது. ஒன்பது பத்து கிலோ இருக்கும். மாமா மறுமுனையைத் தன் முழங்கையில் தாங்கிக்கொண்டார்.

"மாப்ள, மூச்சு இருக்காலே?"

"பாதி இருக்கு மாமா. மீதிய அத்தைகிட்ட குடுத்திருங்க."

மாமா சிரித்தார். அன்று முழுக்க அவர் சிரித்தது அப்போது மட்டும்தான்.

மோட்டார் மாற்றியது இருபது நிமிட வேலை. மூன்று போல்ட், ஒரு வயர் சொருகி. பழைய மோட்டார் எந்த நிலையில் நின்றதோ அதே நிலையில் புது மோட்டாரின் நாக்கு இருக்க வேண்டும். பேட்டரியில் வயரைத் தொட்டுத் தொட்டு ஓட்டி அந்த நிலைக்குக் கொண்டுவந்தோம். அந்தத் தொடலில் பொறி வரும் என்பதால் அண்ணாச்சி மோட்டாரையும் பேட்டரியையும் கேட்டுக்கு வெளியே காவலாளி அறைக்கு எடுத்துப்போகச் சொன்னார். சகதியில் பேட்டரியைச் சுமந்தவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. பிறகு ஷாப்ட்டை ஏற்றி, கோடு பார்த்து, எட்டு போல்ட்டையும் பித்தளை ஸ்பேனரால் பூட்டினோம்.

"இது சும்மா பேருக்குப் பூட்டுனது" என்றார் அண்ணாச்சி. "பித்தளையில முழு இறுக்கம் வராது. தார் ரோடு ஏறுனதும் இரும்பு ஸ்பேனர் போட்டு எட்டையும் இறுக்கிருங்க. மறந்துறாதீக."

நாலரைக்கு மாமா திருகைத் திருப்பினார். அடியில் டுர்ர்ரென்று ஒரு சத்தம், கடக் என்று ஒரு பல் விழும் சத்தம். விளக்கு கண்ணடிக்காமல் நின்று எரிந்தது. மெதுவாகக் கால் வைத்து, தாலாட்டுவது மாதிரி கரிசலில் இறங்கினோம். அதே ஒன்றரை கிலோமீட்டர், இந்த முறை ஒன்பது நிமிடம். மாமா ஸ்டீயரிங்கில் இடது கையால் தாளம் போட்டார்.

தார் ரோட்டில் முதல் பரோட்டாக் கடை முன் வண்டி நின்றது. மாமா ஸ்பேனர் பையை என்னிடம் கொடுத்துவிட்டு, பரோட்டா சொல்ல உள்ளே போனார். நான் ஒரே ஆளாக, கொட்டும் மழையில், எட்டு போல்ட்டையும் இறுக்கினேன். பதினேழு வயதில் இதைச் செய்தவர்கள் மாவட்டத்தில் எத்தனை பேர் என்று வாசகர்களே எண்ணிக்கொள்ளலாம். உள்ளே போய் உட்கார்ந்தபோது இலையில் நாலு எண்ணெய் பரோட்டா ஆவி பறக்கக் காத்திருந்தது. ஒன்று நாலு ரூபாய், சால்னா இலவசம்.

"எட்டும் ஆச்சா?"

"ஆச்சு மாமா."

"ஒருக்க பாத்துக்கிட்டியாலே?"

"நம்ம கை மாமா. இனி கழத்தணும்னா கோர்ட் உத்தரவு வேணும்."

ஆறரைக்கு சிவகாசி. அத்தை குளித்துவிட்டு வரச் சொன்னார். வண்டி சரியாகிவிட்டதா என்று இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் நான்தான் பதில் சொன்னேன்.

திங்கட்கிழமை காலை ஏழேகாலுக்குப் புறப்பட்டோம். ஆலங்குளம் குவாரிக்கு மீட்டர் கணக்கில் இருபத்து நாலு. டீசல் நானூறு ரூபாய்க்கு. எட்டு இருபதுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். குவாரி என்பது தலைகீழாகக் கவிழ்த்த மலை. வெள்ளைப் படிக்கட்டுகளாக இறங்கி இறங்கி, அடியில் பச்சைத் தண்ணீர். மழையில் சரிவு முழுக்க வெள்ளைச் சேறு. சூப்பர்வைசர் ஐம்பது வயதுக்காரர். தலைக்கவசத்துக்குள் காதுக்குப் பஞ்சு வைத்திருந்தார். வண்டியில் துளை போடும் எந்திரத்தையும் நாலு ஆட்களையும் ஏற்றச் சொல்லிவிட்டு, அவரே முன் சீட்டில் ஏறிக்கொண்டார். நான் மேலே நின்றேன்.

வண்டி கீழே இறங்கித் திரும்பி நின்றது. மோட்டார் மேல்வரை கேட்கும்படி பல் மாற்றியது. நான் பக்கத்தில் நின்ற ஆளிடம், "அந்த மோட்டார் போட்டது நான்தான்" என்றேன். அவர் தலையாட்டினார். வண்டி ஏற ஆரம்பித்தது. நாலு சக்கரமும் சேற்றைக் கடித்தன. கால்வாசி. பாதி.

டமால்.

வண்டிக்கு அடியில் இரும்பு இரும்பை அடித்தது. பிறகு தடதடவென்று ஏதோ தரையைக் கொத்தியது. மாமா ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்துவிட்டார். மேலிருந்து எனக்கு அது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. வண்டி பின்னோக்கி வழுக்க ஆரம்பித்தது. பின்னால் இருந்தவர்கள் கத்தினார்கள். சூப்பர்வைசர் கை பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தார். பின்சக்கரம் ஓரத்து மண்மேட்டில் முட்டி நின்றது. அந்த மேடு இல்லையென்றால் கீழே தண்ணீர்.

யாருக்கும் அடி இல்லை. நான் சரிவில் ஓடி இறங்கியபோது மாமா இன்னும் குனிந்தே இருந்தார். சூப்பர்வைசர் அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் வெடிக்கல. ஷாப்டு கழண்டு விழுந்திருக்கு. அம்புட்டுத்தான். நிமிந்து பாருங்க."

மாமா நிமிர்ந்தார். "என் தப்பு சார். நான் பாத்திருக்கணும்" என்றார்.

சூப்பர்வைசர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கீழே குனிந்து பார்த்தார். ஷாப்ட்டின் பெட்டிப் பக்கம் கழன்று தொங்கியது. "கைய விட்டதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. நானும் முப்பது வருசமா சத்தத்துலதான் இருக்கேன். ஆனா ஏன் கழண்டுச்சுன்னு எனக்குத் தெரியணும். காரணம் தெரியாத வண்டியில நாலு பேர ஏத்தி உள்ள விட மாட்டேன். கண்டுபிடிச்சுட்டு வாங்க. வெள்ளிக்கிழம வரைக்கும் வேற வண்டி பாக்கல."

ஷாப்ட்டை முழுதாகக் கழற்றிப் பின்னால் போட்டுக்கொண்டு, பின்சக்கர இழுவையில் திரும்பினோம். முன் ஷாப்ட் இல்லாமலும் வண்டி தார் ரோட்டில் ஓடும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மாமா வெம்பக்கோட்டை வழியாக விட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அணைக்கரையில் நிறுத்தினார். வைப்பாற்றுத் தண்ணீர் காப்பி நிறத்தில் கிடந்தது. மாமா ஷாப்ட்டை மடியில் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்தார். வெள்ளைக் கோடு அப்படியே இருந்தது.

"முன்னாடி நாலும் கல்லு மாதிரி இருந்துச்சு, நீதான கழத்துன. பின்னாடி நாலு மட்டும் போயிருக்கு. எப்படிலே?"

"ஆட்டத்துல லூசாகியிருக்கும் மாமா."

"ஒரே ஆட்டம்தான எட்டுக்கும்?" பெட்டிப் பக்கத்துத் துளைகளை விரலால் தடவினார். "நீ எட்டும் இறுக்கிட்ட. அப்ப பெட்டிப் பக்கம் போல்ட்டு புடிக்கிற மரை தேஞ்சு போச்சு. பெட்டிய மாத்தணும். அது நம்மால ஆகாது."

பதினோரு மணிக்கு சிவகாசி. வெம்பக்கோட்டை வழி இருபத்தெட்டு கிலோமீட்டர்.

இன்று வியாழக்கிழமை. நான் இன்னும் மாமா வீட்டில்தான் இருக்கிறேன். செவ்வாய் காலை ஏழு மணிக்குக் கம்பெனி வேன் தெருமுனையில் ஹாரன் அடித்தது, மாமா ஏறினார். மாலை ஆறு மணிக்கு இறங்கும்போது காதோரத்தில், புருவத்தில், நகக்கண்ணில் அலுமினியப் பொடி வெள்ளியாக மின்னுகிறது. குளித்தாலும் முழுதாகப் போவதில்லை. அத்தை பகலில் ரேடியோ போடுவதில்லை. ஏதாவது சத்தம் கேட்டால் வாசலுக்கு வந்து மேற்கே வானத்தைப் பார்க்கிறார். புகை இல்லையென்றால் உள்ளே போகிறார். நேற்று ஆறு முறை. நான் எண்ணினேன். சனிக்கிழமை வண்டி உடைக்கும் கடைக்காரர் வண்டியை விலைக்குப் பார்க்க வருகிறார்.

பயணம் போக நினைப்பவர்களுக்கு. ஐப்பசி முடியும்வரை கரிசல் பாதையில் நாலு சக்கர இழுவை வேலை செய்கிறதா என்று தார் ரோட்டிலேயே சோதித்துவிட்டு இறங்குங்கள். பழைய மோட்டார் வாங்கினால் பேட்டரியில் ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். ஷாப்ட்டைக் கழற்றும் முன் சக்கரத்துக்குக் கல், ஷாப்ட்டுக்குக் கோடு. பட்டாசுக் கம்பெனிப் பக்கம் போனால் செல்போனையும் தீப்பெட்டியையும் அவர்கள் கேட்கும்முன் கொடுத்துவிடுங்கள், கவர் உடைக்காதீர்கள். சிவகாசியில் ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்கை நம்ப வேண்டாம். மொத்தச் செலவு மோட்டார், டீசல், சாப்பாடு, ஒரு டீ கிளாஸ் உட்பட மூவாயிரத்து முந்நூறுக்குள். பித்தளை ஸ்பேனரால் பூட்டியதை இரும்பு ஸ்பேனரால் இறுக்கும்வரை சாப்பிட உட்காராதீர்கள்.

இதோடு நிறுத்தியிருந்தால் நான் பெரிய ஆள். நிறுத்த முடியவில்லை.

பரோட்டாக் கடை முன்னால் முன் அச்சுப் பக்கத்து நாலையும் இறுக்கினேன். அதற்கு வண்டியின் முன்னால் குந்தினால் போதும். பெட்டிப் பக்கத்து நாலுக்கு மறுபடி அடியில் படுக்க வேண்டும். அங்கே தண்ணீர் தேங்கி நின்றது. அன்று காலையிலிருந்து படுத்து எழுந்து எனக்குக் குளிர் எடுத்திருந்தது. கல்லில் பரோட்டா அடிக்கும் சத்தம் கேட்டது. நான் கையை மட்டும் உள்ளே நீட்டி, மாமாவுக்குக் கேட்கட்டும் என்று ஸ்பேனரால் அந்தத் தட்டை டக், டக், டக், டக் என்று நாலு முறை தட்டினேன். பிறகு போய்க் கை கழுவினேன்.

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்துதான் இதை எழுதினேன். ஒரு மணி நேரம் இருபது ரூபாய்; இரண்டாவது மணி ஓடுகிறது. வாயால் சொல்ல மூன்று நாளாக முயன்றேன். நேற்று மாமா காதோரம் துடைத்துக்கொண்டே, "என்னலே முளிக்க?" என்றார். "ஒண்ணுமில்ல மாமா" என்றேன். அதனால் இதை அச்செடுத்து அவர் கையில் கொடுக்கப்போகிறேன். பக்கம் மூன்று ரூபாய். மீசை பற்றிய பகுதியை அவர் தாண்டிவிடலாம். எட்டும் இறுக்கினேன் என்று வருகிற வரியையும். ஆறு மணிக்கு வேன் வரும். நாளை வெள்ளிக்கிழமை.

மாமா, மரை தேயல. நான் நாலுதான் இறுக்குனேன்.